இரண்டாவது தாங்கி

லொறி என்னுடையது. இதைச் சொல்லும்போதெல்லாம் என் கணவரின் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனாலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கற்பிட்டிப் பக்கம் கண்டக்குழியில் கடலைப் பார்த்தபடி எனக்கு ஒரு துண்டுக் காணி சீதனமாக வந்தது. யுத்தம் முடிந்து, பெரிய பட்டங்களைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியபோது, லொட்ஜ் கட்டுவதற்கென்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அதை வாங்கினார். அந்தக் காசில் ஒரு சின்ன லொறி வாங்கினேன். என் கணவர் அதுவரை அடுத்தவர்களின் லொறியை ஓட்டிக்கொண்டிருந்தவர். நல்ல சாரதி. குடிப்பதில்லை. சொந்தமாக ஒன்று இருந்தால் எங்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதிவு என் பெயரில் இருந்தது.

நாடு முழுவதும் எண்ணெய்க்கு வரிசையில் கிடந்த காலத்தில் அதன் டீசல் எஞ்சின் பழுதாகிவிட்டது. இன்னொரு டீசல் எஞ்சின் தேடி அலுத்து, பழைய வான் ஒன்றிலிருந்து கழற்றிய பெற்றோல் எஞ்சினைப் பாலாவியில் ஒரு கராஜில் வைத்து லொறியில் பொருத்தினோம். தார் வீதியில் அது நன்றாகவே ஓடியது. கரையிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு மணலில் ஏறும்போதுதான் வினை. எங்கள் பக்கத்தில் மலை இல்லை, மேடு இல்லை. மணல்தான் எங்களுக்கு மலை. பாரத்தோடு மணலில் அக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சினுக்குள் தட்டும் சத்தம் கேட்கும், தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல. இப்படியே தட்டவிட்டால் பிஸ்டன் உடைந்துவிடும் என்று என் கணவர் காலை எடுத்துவிடுவார். லொறி நின்றுவிடும். பிறகு கரையில் நிற்பவர்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும்.

இந்த நிலைமையில்தான் அவருடைய தம்பி இத்தாலியிலிருந்து வந்து இறங்கினான்.

அவன் போய்ப் பல வருடம். அங்கே லொறி எஞ்சின்களைப் பரீட்சித்துப் பார்க்கும் ஒரு பட்டறையில் வேலை என்று அவர்களின் தாய், என் மாமி, ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தா. விடுமுறைக்கு வந்தவன் விடுமுறை முடிந்தும் போகவில்லை. காலையில் எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து பாணையும் சம்பலையும் தின்றுகொண்டே, பாண் சரியில்லை, ரோட்டுச் சரியில்லை, இங்கே பெற்றோலென்று விற்பதும் பெற்றோலில்லை என்று கதைப்பான். என்னோடு கதைப்பது குறைவு. நான் ஏதாவது கேட்டால் பதிலை என் கணவருக்குச் சொல்வான். அவர் தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் அந்த வீட்டில் நான் சமையல்காரி.

அந்த வருடம் தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு நான் என் தங்கையின் குடும்பத்தோடு போய், திருநாள் முடியும்வரை அங்கேயே தங்கினேன். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது லொறி முற்றத்துத் தென்னையின் கீழ் நின்றது. முன் ஆசனங்களைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து, எஞ்சினைத் திறந்து போட்டிருந்தார்கள். பக்கத்தில் எண்ணெய் ஊற்றும் ஒரு புதிய தகரத் தாங்கி, கார்க் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஒரு சின்னப் பம்பு, குழாய்கள். மாமி அவர்களுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தா.

ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று என் கணவரிடம் கேட்டேன். அவர் கையைச் சாரத்தில் துடைத்தபடி, அவனுக்கு இந்த வேலை தெரியும்தானே என்றார். அவன் தலையைத் தூக்காமலே சொன்னான்:

"மச்சாள், கொஞ்சம் பொறுங்க. பிறகு நீங்களே எனக்கு நன்றி சொல்லுவீங்க."

இன்றுவரை சொல்லவில்லை.

அவன் என்ன செய்தான் என்பதை நான் அவர்கள் இருவரும் கதைப்பதைக் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். லொறி எப்போதும்போலப் பெற்றோலில்தான் ஓடும். இரண்டாவது தாங்கியில் ஸ்பிரிட் இருக்கும். பாரம் கூடி, காலால் ஓர் அளவுக்கு மேல் மிதித்தால் மட்டும் அந்தப் பம்பு கொஞ்சம் ஸ்பிரிட்டை எஞ்சினுக்குள் தூவும். பாரத்தில் சூடேறிப் பெற்றோல் நேரத்துக்கு முன் பற்றிக்கொள்வதால்தான் எஞ்சின் தட்டுகிறதாம். ஸ்பிரிட் ஆவியாகும்போது அந்தச் சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும், தட்டாது. அவன் வேலை செய்த இடத்தில் இப்படி இரண்டு எண்ணெயில் ஓடும் பெரிய லொறி எஞ்சின்கள் இருந்தனவாம், டீசல் லொறிக்குச் சமமாக இழுக்குமாம். அதை நம்பி அவன் எஞ்சினின் பற்றவைப்பு நேரத்தையும் முன்தள்ளி வைத்துவிட்டான். இனி ஸ்பிரிட் இல்லாமல் பாரம் இழுத்தால் முன்னையைவிட மோசமாகத் தட்டும். இந்தக் கடைசி விஷயத்தை அவன் அண்ணனுக்கு மட்டும் மெதுவாகச் சொன்னான். நான் கிணற்றடியில் நின்றதால் கேட்டது.

ஸ்பிரிட் எங்கே கிடைத்தது என்றால், கொரோனாக் காலத்தில் கை கழுவுவதற்கென்று வாங்கிக் குவித்துவிட்டு, பிறகு கேட்பாரில்லாமல் கிடந்த பரல்கள். வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒருவரிடமிருந்து கொண்டுவந்தான். சட்டத்துக்குச் சரியா என்று கேட்டேன். கை கழுவுகிற சாமானுக்குச் சட்டமா என்று சிரித்தான்.

மணலில் ஓடிக் காட்டுகிறேன் என்று என்னையும் ஏற்றினான். பின்னால் ஐஸ் பெட்டிகள் நிறைய மீன். என் கணவர் ஓட்டினார், நான் நடுவில், அவன் ஓரத்தில். கரையிலிருந்து மேலே ஏறும் அந்த நீண்ட மணல் பாதையில் லொறி ஒருதடவைகூட மூச்சுத் திணறவில்லை. அவன் பாதி வழியில் பம்பின் சுவிட்சை நிறுத்தினான். எஞ்சின் படபடவென்று தட்டியது. திரும்பப் போட்டான். சத்தம் வெட்டியதுபோல நின்றது. அவன் வீதியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான்.

"கேட்டுதா?"

"சாராயக் கடை மணம் வருது," என்றேன்.

அவன் சொன்னது வேலை செய்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். பிழைத்திருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றி எறிந்திருக்கலாம். வேலை செய்தபடியால் என் வாயை அடைத்துவிட்டார்கள். என் கணவர் போகும் இடமெல்லாம் தம்பியின் கெட்டித்தனத்தைக் கதைத்தார். ஒன்றையும் ஒளிக்கத் தெரியாத மனிதர். கரையில் வலை தட்டிக்கொண்டிருந்தவர்கள் லொறி வரும்போது கிளாஸை நீட்டுவதுபோலக் கையை நீட்டிச் சிரித்தார்கள். குடிகார லொறி என்று பெயர் வைத்தார்கள். கடைக்குப் போனால் என்னையும் குடிகார லொறிக்காரி என்றார்கள். ஒருநாள் பூசை முடிந்து வரும் வழியில் ஒருவன், அக்கா, லொறி குடிச்சது போக மிச்சம் இருந்தால் சொல்லுங்கோ என்றான். அவன் தாயின் முன்னால் வைத்தே அவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். அதன் பிறகு அந்தத் தாய் என்னோடு கதைப்பதில்லை.

எங்கள் லொறியில் மீன் ஏற்றியவர் கற்பிட்டி முஸ்லிம் முதலாளி ஒருவர். வருடக்கணக்காக எங்களுக்குத்தான் ஹயர் ஓட்டம் தந்துவந்தார். ஒரு பின்னேரம் அவர் தானாகவே வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார். பிறகு என் கணவரிடம் சொல்லாமல் என்னிடமே சொன்னார்.

"தங்கச்சி, என்னோட கோவிக்க வேணாம். அது குடிக்கிற சாமான் இல்ல எண்டு எனக்கு விளங்குது. ஆனா மீன் வாங்குற ஆக்களுக்கு மணம்தான் விளங்குது. பெட்டியில சாராய மணம் இரிக்கி எண்டு ரெண்டு பேர் திருப்பி அனுப்பிட்டாங்க. பள்ளிவாசல்லயும் கதைக்கிறாங்க. அந்தத் தாங்கியக் கழட்டும் வரைக்கும் நான் வேற லொறி பார்க்கிறன்."

நான் அவரோடும் கோபித்தேன். இத்தனை வருடம் ஓடியதற்கு இதுவா மரியாதை என்று கேட்டேன். அவர் கோப்பையைக் கவனமாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது தாங்கியைக் கழற்றச் சொன்னேன். என் கணவர் தட்டைப் பார்த்தார். அவன், முதலாளி போனால் மரக்கறி இருக்கிறது, வெங்காயம் இருக்கிறது, அதற்கு மணம் பிடிக்காது என்றான். மறுநாளிலிருந்து தோட்டங்களில் பீற்றூட்டும் வெங்காயமும் ஏற்றத் தொடங்கினார்கள். என் சொல் சோற்றுக்குள் போன மயிர் மாதிரி, எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள்.

பரல்கள் முடிந்தன. முடியத்தானே வேண்டும். வண்ணாத்திவில்லு ஆள் இனி இல்லை என்று சொல்லிவிட்டான். எஞ்சினோ ஸ்பிரிட் இல்லாமல் பாரம் இழுக்காது. ஒருநாள் குசினிக்குள் போனபோது அரிசி மூட்டைக்குப் பின்னால் பிளாஸ்டிக் கான்கள் இருந்தன. மூடியைத் திறந்து மணந்தேன். கசிப்பு. களப்பு ஓரத்தில் கண்டல் மரங்களுக்குள் ஒளித்துக் காய்ச்சும் அதே கள்ளச் சாராயம். என் தகப்பனைத் தின்ற சாமான் அது. அவர் ஈரல் கெட்டு வயிறு ஊதிச் செத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அதை என் குசினியில், என் அரிசிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

கான்களை இழுத்துக்கொண்டு போய் முற்றத்தில் ஊற்றினேன். மணல் குடித்தது. மாமி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றா. அவன் ஓடிவந்து என் கையிலிருந்த கானைப் பிடித்தான்.

"தண்ணி கலந்திருந்தாலும் எஞ்சினுக்குப் பரவாயில்ல மச்சாள். இது சும்மா எண்ணெய்தான். படிச்சா விளங்கும்."

"வீட்டை விட்டுப் போ," என்றேன்.

"இது என்ட அண்ணன்ட வீடு."

"வீடு உன்ட அண்ணன்டதா இருக்கட்டும். லொறி என்ட. குசினி என்ட. நீ போ."

அவன் அண்ணனைப் பார்த்தான். நானும் பார்த்தேன். என் கணவர் தென்னையின் கீழ் நின்று லொறியின் டயரைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார். அவன் பையை எடுத்துக்கொண்டு சிலாபத்தில் இருந்த மாமியின் அக்கா மகன் வீட்டுக்குப் போனான். மாமி அன்றிலிருந்து என் கையால் சாப்பிடவில்லை, தனியாக உலை வைத்தா. என் கணவர் மட்டும் பிறகு வந்து, இனிப் பெற்றோல் மட்டும்தான், பாலாவிக்குக் கொண்டுபோய்ப் பற்றவைப்பைப் பழையபடி வைக்கிறேன், தலவில அன்னம்மாள் சாட்சி என்றார். நான் நம்பினேன்.

அவர்கள் நிறுத்தவில்லை. அவன் விடியற்காலையில் பாலாவிச் சந்தியில் கான்களோடு காத்து நிற்பான், இவர் அவனையும் கான்களையும் ஏற்றிக்கொள்வார். பொலிஸ் மறித்த பிறகுதான் எனக்குத் தெரியும். பொலிஸார் வழமையான சோதனைக்கு மறித்திருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் மணம். ஆசனத்துக்குப் பின்னால் இரண்டு கான், கீழே தாங்கி நிறைய. சாரதி குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. பிறகு தம்பிக்காரன் அவர்களுக்கு எஞ்சினை விளங்கப்படுத்தத் தொடங்கினானாம். பாரம், சூடு, பற்றுதல் என்று. லொறிக்குக் கசிப்பு ஊற்றுகிறாயா என்று கேட்டுச் சிரித்துவிட்டு இரண்டு பேரையும் கொண்டுபோனார்கள்.

நான் பொலிஸுக்குச் சோற்றுப் பார்சல் ஒன்றோடு போனேன். ஒன்றுதான் கட்டியிருந்தேன். இருவரும் கம்பிக்குப் பின்னால் ஒரே வாங்கில் இருந்தார்கள். பார்சலை என் கணவரின் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்துத் தம்பியின் பக்கம் நகர்த்தினார். பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் ஒருக்கா மட்டும் எண்டான்," என்றார் என் கணவர்.

நான் வெளியே வந்தேன். பொலிஸ் வளவில் என் லொறி வேப்பமரத்தின் கீழ் நின்றது. கண்ணாடியில் சுண்ணாம்பால் இலக்கம் எழுதியிருந்தார்கள். கிட்டப் போக விடவில்லை.

இருவரும் புத்தளம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டி வெளியே வந்தார்கள். லொறி வரவில்லை. அதை அரசுடைமையாக்குவதா விடுவிப்பதா என்று தனியாக ஒரு விசாரணை இருந்தது. என் சட்டத்தரணி எனக்கு விளங்கும்படி சொன்னார்: லொறியில் கசிப்பு இருந்தது உங்களுக்குத் தெரியாது என்று காட்ட வேண்டும், அது நடக்காமலிருக்க உங்களால் ஆனதைச் செய்தீர்கள் என்றும் காட்ட வேண்டும். நான் செய்தேன், ஊற்றினேன், ஆளையே துரத்தினேன் என்றேன். யார் பார்த்தது என்று கேட்டார். பார்த்தவர்கள் மூன்று பேர். மாமி, தன் பிள்ளைக்கு எதிராகக் கோட்டில் ஏற மாட்டேன் என்றா. என் கணவர் குற்றவாளி, அதுவும் என் புருஷன், அவர் சொல் எடுபடாது என்றார் சட்டத்தரணி. அவன் ஒருவன்தான் மிச்சம்; அவனும் குற்றவாளிதான், ஆனால் எனக்காகப் பொய் சொல்லக்கூடியவன் அல்ல.

சிலாபத்துக்குப் பஸ்ஸில் போனேன். அவன் படலைக்கு வந்தான், உள்ளே கூப்பிடவில்லை. இத்தாலியில் அவனுடைய தங்கும் அனுமதி முடியப்போகிறது, உடனே போயாக வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அண்ணன் கேட்டா வருவன்," என்றான். "நீங்க கேட்டா வரமாட்டன்."

"நான் கேக்க வரேல்ல. திகதியச் சொல்ல வந்தன்."

சொல்லிவிட்டுத் திரும்பினேன். பஸ் வரும்வரை வெயிலில் நின்றேன். அவன் படலையைச் சாத்துவது கேட்டது.

விசாரணை நாளில் அவன் வந்தான். இஸ்திரி போட்ட சேர்ட், சப்பாத்து. சாட்சிக் கூண்டில் ஏறிச் சிங்களத்தில் சொன்னான். எனக்கு அந்தளவு சிங்களம் விளங்கும். லொறி அந்தப் பெண்ணுடையது, அவ ஒருவரையும் தொட விடமாட்டா, நான் கொண்டுவந்த கான்களை முற்றத்தில் ஊற்றினா, என் சொந்த அண்ணன் வீட்டிலிருந்து என்னை நாய் மாதிரித் துரத்தினா, என் தாய் அழுததைக்கூடப் பார்க்கவில்லை, எஞ்சின் பற்றி அவவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது, அப்படிப்பட்டவளிடம் யார் போய்ச் சொல்வது, அதனால்தான் நாங்கள் களவாகச் செய்தோம் என்றான். பின்வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் அதைச் சட்டத்தரணி சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. மனதில் கிடந்ததைத்தான் கக்கினான். என் முகம் எரிந்தது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குச் சாதகமாகத்தான் விழுந்துகொண்டிருந்தது, நீதவான் எழுதிக்கொண்டிருந்தார்.

லொறியை விடுவித்தார்கள்.

வெளியே படியில் அவன் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றான். எங்கள் இருவருக்கும் நடுவில் என் கணவர் நின்றார், எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல்.

"தாங்கியக் கழட்டினாலும் பம்பை எறிய வேணாம்," என்றான் அவன். "நல்ல ஸ்பிரிட் கிடைச்சா திரும்பப் பூட்டலாம்."

என் வாயிலிருந்து அப்போது வந்திருக்கக்கூடிய எதையும் நீதிமன்ற வாசலில் சொல்ல முடியாது. அவன் அந்தக் கிழமையே இத்தாலிக்குப் போனான்.

உப்புக் காற்றில் மாதக்கணக்காக நின்ற லொறியின் அடிப்பக்கம் துருவேறிக் கிடந்தது. பாலாவிக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போய், தாங்கி, பம்பு, குழாய் எல்லாவற்றையும் என் கண்முன்னே கழற்ற வைத்தேன். பற்றவைப்பைப் பழையபடி வைத்தார்கள். கழற்றியவற்றை அங்கேயே பழைய இரும்புக் குவியலில் போட்டுவிட்டு வந்தேன். பிறகு கற்பிட்டி முதலாளியிடம் நானே போனேன். அவர் எழுந்து கதிரை தந்தார், தேத்தண்ணி வந்தது, வீட்டில் எல்லோரையும் பற்றி விசாரித்தார். ஹயரை இன்னொரு லொறிக்காரனுக்குக் கொடுத்துவிட்டதாகவும், அவனை இடையில் விட முடியாதென்றும் சொன்னார். அவர் முகத்தில் வஞ்சகம் இல்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். இப்போது வெங்காயமும் தேங்காய் மட்டையும்தான் எங்கள் பிழைப்பு. பாரம் குறைத்து ஏற்றுகிறோம், அதிகம் ஓடுகிறோம்.

என் கணவரும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். லொறிச் சாவி இரவில் என்னிடம் இருக்கும், காலையில் கொடுப்பேன். அவர் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. இத்தாலியிலிருந்து போன் வந்தால் முற்றத்துக்குப் போய்க் கதைப்பார். அங்கே தம்பி இன்னும் அதே எஞ்சின்களில்தான் வேலை செய்கிறானாம். உலகம் எங்கேயோ போகிறது, நம் ஊர்தான் விளங்காமல் கிடக்கிறது என்று அவன் சொல்வதை இவர் எனக்குச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொள்வார்.

போன வருடம் மாமி செத்தா. அவன் அடக்கத்துக்கு வந்தான். தாயின் பெட்டிக்குப் பக்கத்தில் குழந்தைபோல அழுதான். எனக்கும் அழுகை வந்தது. மாமி கடைசிவரை என் கையால் சாப்பிடவில்லை, படுக்கையில் விழுந்த பிறகும் என் தங்கைதான் வந்து ஊட்ட வேண்டியிருந்தது. அவனும் நானும் ஒரே அறையில் நின்று அழுதோம், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள், வாடகைக்கு எடுத்த கதிரைகளைத் திருப்பிக் கொடுக்க லொறியில் ஏற்றினோம். என் கணவர் ஏறி எஞ்சினை ஓடவிட்டார். நான் பின்கதவைப் பூட்டிவிட்டு முன்னால் வந்தபோது அவன் ஓர ஆசனத்தில் உட்கார்ந்திருந்தான். கடைத்தெருவுக்குப் போக வேண்டுமாம். காதை எஞ்சினின் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றேன்.

என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். அடக்கத்துக்கு வந்த ஆட்கள் இன்னும் நாலைந்து பேர் முற்றத்தில் நின்றார்கள், கதையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். செத்த வீட்டில் இப்படியா என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

"நான் நடக்கிறன்," என்று அவன் அண்ணனிடம் சொல்லிவிட்டு இறங்கினான்.

நான் ஏறிக் கதவைச் சாத்தினேன். போங்க என்றேன். அவர் கியரைப் போட்டார்.